ஒரு பக்கத்தில் மூன்று படிவங்கள்

சென்ற இதழில், கைபேசியில் தமிழ் எழுத்துக்களைத் தட்டெழுதும் முறைகளைப் பற்றி எழுதினோம். அதன் தொடர்ச்சியை இம்மாதம் தருவதாக வாக்களித்தும் இருந்தோம். அந்த வாக்கை ஒரு மாதம் தள்ளி வைப்பதற்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நம் சங்கத்தின் வலைப்பக்கத்தில் நம் கையாலேயே ஒரு பிழை நேர்ந்துவிட்டது. அது எவ்வாறு நேர்ந்தது, அதனால் யாருக்கு என்ன துன்பம் விளைந்தது, எவ்விதம் அதை நீக்கினோம் என்பவற்றை அங்கத்தினர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நம் குடும்பங்களில் பிள்ளைகள் பலர் இப்பொழுது கணிப்பொறி பயில்கிறார்கள். கோயில் கமிட்டிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவர்களே வலைப்பக்கம் செய்து கொடுக்கிறார்கள். அவர்களுக்கும் இது உபயோகப்படக்கூடும்.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே குமாஸ்தா வேலையில் அமர்ந்த நாம், இந்த வித்தையை எந்தக் கல்லூரியிலும் பயின்றதில்லை. கரக்பூரில் இரவுப் பணி முடிந்து வந்து, உறக்கம் வராத நேரங்களில் தட்டுத் தடுமாறிக் கற்றதுதான். ஆனால் படிவம் என்பது நமக்குப் புதிதன்று. நாள் முழுவதும் அதனோடுதான் நம் வாழ்வு. முன்பதிவுக்கு நீங்கள் நிரப்பித் தரும் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஆறு பிரயாணிகள் வரை எழுதலாம். முன்பதிவுக்கும் ரத்துக்கும் அதே தாள்தான். எது வேண்டுமோ அதை மட்டும் நிரப்பி, கையொப்பமிட்டுச் சாளரத்தில் நீட்டினால், வாங்கும் குமாஸ்தா கண்ணால் பார்த்து இன்னது என்று அறிந்துகொள்கிறார். வலைப்பக்கத்துப் படிவத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அந்தக் கண்தான். அங்கே பார்ப்பதற்குக் குமாஸ்தா இல்லை. ஸ்கிரிப்ட் என்று சொல்லப்படும் கட்டளைத் தொகுப்புத்தான் இருக்கிறது. அதற்கு எந்தப் படிவத்தைப் பார்க்கச் சொன்னோமோ அதை மட்டுமே பார்க்கும்.

வலைப்பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் என்னும் குறியீட்டு மொழியில் ‘ஃபார்ம்’ என்று ஒரு தொடக்கக் குறியும், அதற்குரிய முடிவுக் குறியும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கட்டங்கள் எல்லாம் ஒரே படிவத்தைச் சேர்ந்தவை. ஒரு பக்கத்தில் இப்படி எத்தனை படிவங்களை வேண்டுமானாலும் அடுத்தடுத்து வைக்கலாம். ஒன்றுக்குள் இன்னொன்றை மட்டும் வைக்கக் கூடாது. எந்தப் படிவத்தின் பொத்தானை அழுத்துகிறோமோ அந்தப் படிவத்தின் கட்டங்கள் மட்டுமே போகும். மற்றப் படிவங்களில் நீங்கள் பாடுபட்டு நிரப்பியவை இருந்த இடத்திலேயே கிடக்கும். சில வீடுகளில் இரண்டு படிவங்களையும் நிரப்பிவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு, “இரண்டும் வந்ததா?” என்று கேட்டவர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பொத்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் சங்கத்துப் பக்கத்தில் மூன்று ஆண்டுகளாக இரண்டு படிவங்கள் இருந்தன. முதலாவது அங்கத்தினராய்ச் சேருவதற்கு. இரண்டாவது உதவி நிதிக்கு. வைத்தியச் செலவு, பரீட்சைக் கட்டணம், ஊரில் ஒரு துக்கம் என்றால் உடனே புறப்படுவதற்கான வண்டிச் சத்தம் இவற்றுக்காக நிதியை நாடுவோர், காரியதரிசியின் வீட்டுப் படியேறி எல்லார் முன்னிலையிலும் கேட்கக் கூசுவார்கள் என்றுதான் அந்தப் படிவத்தையே வைத்தோம். இரவில், தனிமையில், நாலு வரி எழுதி அனுப்பினால் போதும். அது பொருளாளர் பார்க்கும் கணக்குத் தாளில் ஒரு வரிசையாய்ப் போய் விழும். வேறு யாரும் அறியார்.

2024 டிசம்பர் 18 அன்று காரியதரிசி நம்மை அழைத்து, “தம்பி, பொங்கல் விருந்துக்கு எத்தனை இலை என்று முன்கூட்டியே தெரிந்தால் அரிசி வாங்கச் சௌகரியமாயிருக்கும். பக்கத்தின் உச்சியிலேயே ஒரு படிவம் வைத்துவிடுங்கள்” என்றார். அன்றிரவே வைத்தோம். புதிய படிவத்தைப் பல முறை நிரப்பி அனுப்பிப் பார்த்தோம். பிழையின்றி வேலை செய்தது. மனநிறைவோடு உறங்கப் போனோம். புதியதைச் சோதித்தோமே அன்றி, பழைய இரண்டையும் தொட்டும் பார்க்கவில்லை.

பிழை எங்கே இருந்தது என்பதை அறிய ஸ்கிரிப்டின் பழைய வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1995-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த எச்டிஎம்எல் 2.0 விதிகளில் படிவம் இடம் பெற்றிருந்தது. அந்தத் தொடக்க காலத்திலேயே, பக்கத்திலுள்ள படிவங்களையெல்லாம் உலாவி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி ஸ்கிரிப்டின் கையில் கொடுக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. அந்த வரிசைக்கு டாக்குமெண்ட்.ஃபார்ம்ஸ் என்று பெயர். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும். முதற் படிவம் டாக்குமெண்ட்.ஃபார்ம்ஸ்[0], இரண்டாவது டாக்குமெண்ட்.ஃபார்ம்ஸ்[1]. இவற்றை எழுதும்போது ஆங்கில எழுத்துக்களில்தான் எழுத வேண்டும். இங்கே ஒலியை மட்டும் தந்திருக்கிறோம். இந்த ஏற்பாடு இன்றும் எல்லா உலாவிகளிலும் உயிரோடு இருக்கிறது. எழுதுவதற்குச் சுருக்கமாயிருப்பதால் நம்மைப் போன்ற கற்றுக்குட்டிகள் அதைப் பிடித்துக்கொள்கிறோம்.

உதவிப் படிவத்துக்கு நாம் எழுதியிருந்த கட்டளை, “டாக்குமெண்ட்.ஃபார்ம்ஸ்[1] என்பதிலுள்ளவற்றை எடுத்துக் கணக்குத் தாளுக்கு அனுப்பு” என்பது. மூன்று ஆண்டுகள் அது சரியாகவே நடந்தது. உச்சியில் பொங்கல் படிவம் வந்து அமர்ந்த கணமே வரிசை ஒரு படி கீழே இறங்கிவிட்டது. பொங்கல் சுழியம், அங்கத்தினர் படிவம் ஒன்று, உதவிப் படிவம் இரண்டு. நம் கட்டளையோ பழைய ஒன்றையே நம்பிக்கொண்டிருந்தது.

இதை நம் ரயில்வே குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. பண்டிகைக் காலத்தில் வண்டியில் ஒரு கூடுதல் பெட்டியை இணைத்துவிட்டால், “எஞ்சினிலிருந்து நாலாவது பெட்டி” என்று ஊரிலிருந்து வருவோரை எதிர்பார்த்து நிற்பவர் என்ன ஆவார்? கொல்கத்தாப் பக்கமிருந்து சென்னைக்குப் போகும் வண்டிகளில் விசாகப்பட்டினத்துக்குள் நுழைபவற்றுக்கு அங்கே எஞ்சின் மறுமுனைக்கு மாறுகிறது. முன்னே இருந்த பெட்டி பின்னே போய்விடுகிறது. தேநீர் வாங்க இறங்கிய புது ஆள், திரும்பி வந்து வண்டியின் போக்கைப் பார்த்துப் பெட்டியை எண்ணினால் வேறு ஒருவர் படுக்கையில்தான் போய் உட்காருவார். அனுபவப்பட்டவர் எண்ணுவதில்லை, பெட்டியின் மேல் எஸ் 4 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுவார். எஸ் 4 எங்கே இணைக்கப்பட்டாலும் எஸ் 4 தான். சாளரத்துக்கு வரும் பிரயாணிகளுக்கு இந்தப் புத்திமதியை எத்தனை முறை சொல்லியிருப்போம்! நம் ஸ்கிரிப்டில் மட்டும் எஞ்சினிலிருந்து எண்ணி வைத்திருந்தோம்.

சரி, தவறான படிவத்தைப் பார்த்த ஸ்கிரிப்ட் உடனே தடுமாறி நின்றிருக்க வேண்டாமா? நின்றிருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்கும். இங்கேதான் நம் சாமர்த்தியம் நமக்கே பகையாயிற்று. ‘காரணம்’ என்னும் கட்டத்தை எடு, ‘கைபேசி எண்’ என்னும் கட்டத்தை எடு என்று தனித்தனியே கேட்டிருந்தால், அங்கத்தினர் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டமே இல்லாததால் ஸ்கிரிப்ட் பிழையென்று நின்றுபோயிருக்கும். நாமோ ஃபார்ம்டேட்டா என்னும் வசதியைக் கொண்டு படிவம் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டச் சொல்லியிருந்தோம். அதில் என்ன இருக்கிறதோ அதைக் கட்டும். இல்லாததைப் பற்றிக் கேள்வி கேட்காது. ஆகவே யாரும் தொடாத அங்கத்தினர் படிவத்தின் வெறுமையை மூட்டையாய்க் கட்டி, நேரத்தைக் குறித்து, ஒழுங்காய் அனுப்பி வைத்தது. அனுப்பி முடிந்ததும், பொத்தானின் கீழே, “தங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. நன்றி” என்று காட்டியது. அந்த வாசகமும் நாம் எழுதியதே.

இப்பொழுது அந்த விண்ணப்பத்துக்கு வருவோம்.

கோல் பஜார்ப் பக்கம் நெடுநாள் தள்ளுவண்டியில் இட்லி விற்று, இப்பொழுது முடியாமல் வீட்டோடு இருக்கும் பெரியவர் ஒருவர். அவருடைய மனைவிக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் ஜனவரி 8 என்று நாள் குறித்திருந்தார்கள். காட்பாடி வரை போய்வரும் செலவுக்காகச் சங்கத்தை நாடுவது என்று தீர்மானித்து, டிசம்பர் 27 இரவு பேத்தியை விட்டு எழுதச் செய்திருக்கிறார். நன்றி என்று விடை வந்ததும் நிம்மதி. ஒரு வாரம் காத்திருந்தார். பிறகு, சங்கத்தில் பணம் இல்லை போலும், கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தலாகாது என்று எண்ணி, அம்மாளின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் போய்வந்துவிட்டார். நம்மில் ஒருவரிடமும் ஒரு சொல் கேட்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விருந்து. பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த நாம், அம்மாளைக் கண்டு நலம் விசாரித்தோம். “வேலூர் போய் வந்தோம் தம்பி. இனிப் பயமில்லை என்றார்கள்” என்றார். “சொல்லியிருந்தால் சங்கத்தில் ஏதாவது செய்திருக்கலாமே, அம்மா!” என்றோம். அம்மாள் இலையைப் பார்த்துக்கொண்டு, “சங்கத்துக்கு எத்தனையோ வேலை இருக்கும்” என்றார். பக்கத்தில் இருந்த பேத்திதான் பொறுக்கமாட்டாமல், “எழுதினோமே, மாமா! நீங்கள் நன்றிகூடச் சொன்னீர்களே!” என்று கைபேசியைத் திறந்து நீட்டினாள். திரையை அப்படியே படம் பிடித்து வைத்திருந்தாள். நேரம் இரவு 9:14.

பாத்திரத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தோம். ‘வந்து சேர்ந்தது. நன்றி’ என்ற வாசகம் இருந்தது. அதற்கு மேலே, கட்டங்களுக்குள், அந்தப் பெண் எழுதியவை அத்தனையும் இருந்தன. அங்கேதான் நம் நெஞ்சு திடுக்கிட்டது. அனுப்பி முடிந்ததும் படிவத்தைத் துடைத்துவிடும்படி ரீசெட் என்னும் கட்டளையையும் எழுதியிருந்தோம். விண்ணப்பம் உண்மையிலேயே போயிருந்தால் எழுத்துக்கள் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை என்றால், துடைக்கப்பட்டது வேறு படிவம். அனுப்பப்பட்டதும் வேறு படிவம்.

வீட்டுக்கு விரைந்து கணக்குத் தாளைத் திறந்தோம். டிசம்பர் 18-க்குப் பின் உதவி நிதிப் பகுதியில் நேரம் மட்டும் குறித்த ஏழு வெற்று வரிசைகள். அவற்றில் ஒன்று டிசம்பர் 27, இரவு 9:14.

பொருளாளர் ஜனவரி முதல் வாரத்திலேயே அவற்றைக் காட்டி நம்மிடம் கேட்டது உண்மை. “யாராவது குழந்தைகள் விளையாட்டாக அழுத்தியிருப்பார்கள்” என்று பதில் சொன்னோம். அந்தப் பதிலை இப்பொழுது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. ஏனெனில் உதவிப் படிவத்தில் பெயரும் கைபேசி எண்ணும் கட்டாயம் என்று குறித்திருந்தோம். கட்டாயக் கட்டம் வெறுமையாய் இருந்தால் உலாவி அனுப்பவே விடாது. குழந்தையானாலும் பெரியவரானாலும் எதையேனும் எழுதாமல் அங்கே பொத்தான் வேலை செய்யாது. வெற்று வரிசை ஒன்று வருவதே நடவாத காரியம். ஆக, அந்த ஏழு வரிசைக்கும் பின்னால் யாரோ ஒருவர் பெயர் எழுதியிருக்கிறார், எண் எழுதியிருக்கிறார், காரணமும் எழுதியிருக்கிறார். உலாவி அவர்கள் நிரப்பிய படிவத்தைச் சரிபார்த்து அனுமதித்தது. ஸ்கிரிப்ட் போய் எடுத்ததோ பக்கத்துப் படிவத்தை. இதைப் பொருளாளர் கேட்ட அன்றே யோசித்திருந்தால் ஜனவரி 8-க்கு முன்பே வழி பிறந்திருக்கும்.

அன்றிரவே உதவிப் படிவத்தை எடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்துத் திருத்தி வைத்தோம். திருத்தியது எவ்வாறு என்பது இது செய்யும் பிள்ளைகளுக்காக.

முதற்படி, ஒவ்வொரு படிவத்துக்கும் ‘ஐடி’ என்னும் அடையாளப் பெயர் சூட்டுவது. 1998 அக்டோபரில் டபிள்யூ3சி என்னும் வலைத் தரநிர்ணயச் சபை வெளியிட்ட ‘டாம்’ முதல் நிலை விதிகளிலேயே, அடையாளப் பெயரைச் சொல்லி ஒரு பொருளைக் கேட்டு வாங்கும் கெட்எலிமெண்ட்பைஐடி என்ற முறை வந்துவிட்டது. பழைய ஃபார்ம்ஸ் வரிசையிலும் எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கொடுத்துப் படிவத்தைக் கேட்கலாம். இன்றைய விதிப்படி இந்தப் பெயர் தமிழிலேயே இருக்கலாம். நடுவில் இடைவெளி மட்டும் கூடாது. நாம் ‘உதவிநிதி’ என்றே சூட்டியிருக்கிறோம். இனி உச்சியில் தீபாவளிப் படிவமே வந்தாலும் உதவிநிதி உதவிநிதிதான்.

ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எந்தப் படிவம் அனுப்பப்பட்டதோ அதைத் தேடிக்கொண்டு போக வேண்டியதே இல்லை. படிவம் அனுப்பப்படும்போது உலாவி எழுப்பும் நிகழ்ச்சிக்கு ‘சப்மிட்’ என்று பெயர். அந்த நிகழ்ச்சியே, தான் எந்தப் படிவத்தில் எழுந்தது என்பதைக் கூடவே கொண்டு வருகிறது. ஈவெண்ட்.கரண்ட்டார்கெட் என்று கேட்டால், கட்டளை இணைக்கப்பட்ட அந்தப் படிவத்தையே கையில் கொடுத்துவிடும். பெயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். சாளரத்தில் தாளை நீட்டியவர் முகத்தையே நேரே பார்ப்பது போல. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. அதைக் கட்டளையின் முதல் வரியிலேயே வாங்கி ஒரு பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும். தகவல் போய்ச் சேரும்வரை காத்திருந்து பிறகு கேட்டால் அது வெறுமையாகிவிட்டிருக்கும். ஓர் இரவு முழுவதும் இதில் தலையை உடைத்துக்கொண்டோம்.

இப்பொழுது ஒரே கட்டளையை மூன்று படிவங்களுக்கும் இணைத்திருக்கிறோம். ஒவ்வொரு மூட்டையோடும் அது வந்த படிவத்தின் அடையாளப் பெயரும் கணக்குத் தாளுக்குப் போகிறது. பெயர்க் கட்டமோ எண் கட்டமோ வெறுமையாயிருந்தால், நன்றி சொல்லாமல், “அனுப்ப இயலவில்லை. காரியதரிசியை அழையுங்கள்” என்று காட்டுகிறது. இரக்கமற்ற வாசகம் என்று ஓர் அன்பர் குறை கூறினார். பொய்யான நன்றியைக் காட்டிலும் அது மேல் என்பது நம் கருத்து.

திருத்தும்போது பேத்தி இன்னொன்றையும் கண்டுபிடித்துச் சொன்னாள். “உதவிப் படிவத்தில் ‘கைபேசி எண்’ என்ற எழுத்தைத் தொட்டால், மேலே பொங்கல் விருந்துக்குத் தாவுகிறது, மாமா” என்றாள். பார்த்தால் உண்மைதான். அவசரத்தில் உதவிப் படிவத்தையே நகலெடுத்துப் பொங்கல் படிவம் ஆக்கியிருந்தோம். கட்டங்களின் ஐடிகளும் நகலாகிவிட்டன. கட்டத்தின் மேலுள்ள எழுத்தைத் தொட்டால், அது எந்த ஐடியைச் சுட்டுகிறதோ அந்தக் கட்டத்துக்குக் குறி போகும். ஒரே ஐடி இரண்டு இடத்தில் இருந்தால் மேலே உள்ளதற்கே முதல் மரியாதை. இங்கே பிள்ளைகள் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். கட்டத்துக்கு ‘நேம்’ என்னும் பெயர் வேறு, ‘ஐடி’ வேறு. ‘கைபேசி’ என்ற நேம் மூன்று படிவங்களிலும் இருக்கலாம். ஒவ்வொன்றும் தன் படிவத்துக்குள் அடங்கியது. வீட்டுக்கு வீடு ஓர் ‘அம்மா’ இருப்பதில்லையா? ஐடி அப்படியன்று. அது பக்கம் முழுவதற்கும் ஒன்றே இருக்க வேண்டும்.

பொத்தானுக்கு ‘சப்மிட்’ என்றே பெயரிடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். படிவத்தின் சொந்தக் கட்டளையான சப்மிட்டை அந்தப் பெயர் மறைத்துவிடும். ஸ்கிரிப்ட் கட்டளையைக் கூப்பிடப் போய்ப் பொத்தான் வந்து நிற்கும்.

இவ்வளவையும் கேட்ட காரியதரிசி, “எதற்கு இந்தத் தொல்லை? மூன்றையும் ஒரே படிவமாக்கி, வேண்டியதை மட்டும் நிரப்பச் சொன்னால் என்ன, நம் முன்பதிவுத் தாளைப் போல?” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் ஒரே படிவமாக்கினால் கட்டாயக் கட்டங்கள் எல்லாம் எல்லாரையும் கட்டிவிடும். வைத்தியத்துக்கு உதவி கேட்பவர், பொங்கலுக்கு எத்தனை இலை என்று சொன்னாலொழிய விண்ணப்பம் போகாது. கட்டாயத்தை நீக்கிவிட்டால் எண்ணே இல்லாத விண்ணப்பங்கள் வந்து, யாரை அழைப்பது என்று தெரியாமல் விழிப்போம். விருந்துக்கு வருவோர் பட்டியலை மேற்பார்க்கும் பிள்ளைகளின் கண்ணில் உதவி கேட்டோர் பெயரும் படும்; அதற்காகவா தனிப் படிவம் வைத்தோம்? காரியதரிசி ஒப்புக்கொண்டார். உதவிப் படிவத்தைத் தனிப் பக்கத்துக்கே மாற்றிவிடுவது என்று இருவருமாய்த் தீர்மானித்தோம். அடுத்த மாதத்துக்குள் அது நடக்கும்.

பெரியவருக்குச் சேர வேண்டிய தொகையை நிர்வாகக் குழு ஜனவரி மாதமே கொடுத்துவிட்டது. சங்கிலி மீண்டதா என்று கேட்க நமக்கு வாய் வரவில்லை. பிப்ரவரியில் அம்மாளைக் கோயிலில் கண்டபோது கழுத்தில் இருந்தது.

மற்ற ஆறு வரிசைகளுக்காக நிம்புராவிலும் மலஞ்சாவிலும் தெரிந்த வீடுகளிலெல்லாம் ஜாடையாக விசாரித்தோம். இரண்டு நிமிஷ இடைவெளியில் வந்த இரண்டு வரிசைகள், பரீட்சைக் கட்டணத்துக்காக எழுதிய ஒரு மாணவனுடையவை. எழுத்துக்கள் மறையாததைக் கண்டு அவன் இரண்டாம் முறையும் அழுத்தியிருக்கிறான். அவனுக்கும் உரியது சேர்ந்துவிட்டது. எஞ்சிய நான்கு வரிசைகளை எழுதியவர் யார் என்று இதுவரை தெரியவில்லை. அவர்கள் எழுதியவை நம்மை வந்தடையவே இல்லையாதலால், தேடிப் பார்க்க வேறு இடமும் இல்லை. இந்த இதழ் எல்லா வீடுகளுக்கும் போவதால் இங்கே கேட்கிறோம். சங்கத்தின் உதவிப் படிவத்தைக் கீழ்க்கண்ட நேரங்களில் அனுப்பியவர்கள், நாம் மறுத்துவிட்டோம் என்று எண்ணியிருந்தால், அது அவ்வாறன்று. 2024 டிசம்பர் 21 காலை 6:40. டிசம்பர் 30 பிற்பகல் 1:05. 2025 ஜனவரி 4 இரவு 11:52. ஜனவரி 16 மாலை 5:27. பொருளாளரிடமோ நம்மிடமோ நேரத்தை மட்டும் சொன்னால் போதும். காரணத்தை மீண்டும் ஒருமுறை எழுத வேண்டியிருப்பதற்கு மன்னிக்க வேண்டுகிறோம். தேவை தீர்ந்து போயிருந்தாலும் சொல்லுங்கள். கடன் வாங்கிச் சமாளித்திருந்தால் அந்தக் கடனுக்காவது நிதி உதவும். பெயர் இந்த இதழில் வெளிவராது.